காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவன்

ஸ்டேஷன் டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறீர்கள், சார். நல்ல பழக்கம். கம்பெனி மெஷின் டீயைப் பதினேழு வருஷம் குடித்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நேற்று எழுதி எடுத்ததை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "கண் சரியாகத் தெரியாத காரணத்தால், மான் என்று நினைத்து அம்பு விட்டதில் பகலவன் என்பவர் இறந்துவிட்டார்." பகலவன் இறந்தது சரி. அம்பு என்னுடையது, அதுவும் சரி. மற்ற இரண்டும் பிழை. அதை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும் என்றுதான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன். வக்கீல் வேண்டவே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கென்ன, அவர் கண்ணையா ஊரே குறை சொல்கிறது.

ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் நான் கடைசிச் சோதனை மேஜையில் இருந்தேன். வார்ப்பில் தலைமுடி அளவுக்குக் கீறல் இருந்தாலும் எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு பீஸ். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. என் முத்திரை பதினான்காம் நம்பர். பதினான்கு குத்தியிருந்தால் திருப்பிப் பார்க்க வேண்டாம் என்று பெரிய ஆபீசர்களே சொல்வார்கள். ஊரில் சுப்பராயன் என்றால் யாருக்கும் தெரியாது. லைனில் பதினாலு என்றால் எல்லாருக்கும் தெரியும்.

வேட்டை ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். நானும் என் மனைவியின் தம்பி கோபாலும். துப்பாக்கி என்றால் சத்தத்துக்கு நாலு கம்பெனி செக்யூரிட்டியும் ஓடி வந்துவிடுவான். அதனால் வில். பிவிசி பைப்பைச் சூடு காட்டி வளைத்து, உள்ளே பைபர் கம்பி கொடுத்து நானே செய்தது. அம்பு முனை கம்பெனி கிரைண்டரில் தீட்டியது. அதற்கு வனத்துறை தனியாகக் கேஸ் போட்டிருக்கிறது, போடட்டும்.

வில் பிடிப்பது பெரிய காரியம் இல்லை, சார். எங்கே உட்காருவது என்பதுதான் வேட்டை. முன்னே மான்கள் காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே இஷ்டம்போல் போய் வந்தன. கம்பெனிகள் வந்து சுவர் எழுப்பிய பிறகு, இரண்டு சுவருக்கு நடுவே பத்தடிச் சந்து ஒன்றுதான் மிச்சம். விடியற்காலையில் ஏரியில் தண்ணீர் குடித்துவிட்டு, கிழக்கேயிருந்து அந்தச் சந்து வழியாக மேற்கே காட்டுக்குத் திரும்பும். புழுக்கை, குளம்புத் தடம், ஆண்மான் கொம்பு உரசிய கருவேல மரம், எல்லாம் அங்கே கிடக்கும். வழியின் மேலேயே உட்காரக் கூடாது. பக்கத்தில் ஒதுங்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு புதர் இருக்கிற மாதிரி, முப்பது தப்படி தள்ளி உட்கார வேண்டும். இது எல்லாவற்றுக்கும் மேலே, காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும். முதுகுப் பக்கமிருந்து அடித்தால் நம் வாடை முன்னே போய்விடும். மான் சந்துக்குள் தலையே நீட்டாது. தை மாசத்தில் காற்று கிழக்கேயிருந்து வரும். அதனால் நாங்கள் எப்போதும் மேற்கு வாயில், கிழக்கே பார்த்துத்தான் உட்காருவோம். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் இது மாறியதில்லை.

சாம்சனைப் பற்றிச் சொல்கிறேன். அவன்தான் எங்கள் லைன் லீடர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். ஆறடி உயரம், மழித்த முகம், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டான். கெட்டவன் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் அவனோடு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆவணி மாசம் கஸ்டமரிடமிருந்து கீறல் விழுந்த பீஸ் ஒன்று திரும்பி வந்தது. பதினான்கு குத்தியிருந்தது. லாரியில் அடிபட்டு விழுந்த கீறல் அது. நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. பிறகு மூன்று வந்தது. வருஷா வருஷம் நடக்கிற கண் சோதனையில் இந்த முறை எழுத்து அட்டையை மாற்றிவிட்டார்கள். பழைய அட்டை எனக்கு மனப்பாடம். புதியதைப் படிக்கச் சொன்னால் யாருக்கும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

அடுத்த திங்கட்கிழமை சாம்சன் என்னைக் கேன்டீன் பக்கம் கூட்டிப்போனான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. கண்ணுல புரை வுழுந்துகீது. ரெண்டு தபா டெஸ்ட்டு பெயிலு. ஒரு ஆபரேஷன் பண்ணிக்கினா பழையபடி மேஜைக்கு வந்துடலாம். அதுவரைக்கும் பேக்கிங்ல இரு."

"என் கண்ணுக்கு இன்னாடா கொறச்சல்?"

"கொறன்னு சொல்லலண்ணே. உன் இஎஸ்ஐ கார்ட குடு, நானே போய் தேதி வாங்கிகினு வரேன்."

கொடுக்கவில்லை. அவன் ஆபீசில் கேட்டு நகல் எடுத்துக்கொண்டான். பேக்கிங்கில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டினேன். என் மேஜையில் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்தார்கள். என் முத்திரையைச் சாம்சன் கவரில் போட்டு, பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னான். போகிறவன் வருகிறவன் எல்லாம், "கண்ணு எப்படிகீது பதினாலு?" என்று விசாரித்தான். வயிறு எரிந்தது, சார். ஐந்து மாசம் எரிந்தது. வீட்டில் சோறு இறங்கவில்லை. சிவப்புத் தொட்டியில் கிடக்கிற பீஸுக்கு என்ன மரியாதையோ அதுதான் எனக்கு.

சாம்சனும் தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவான். ராத்திரி வேலையான சி ஷிப்டு வாரத்தில் கம்பெனி பஸ் காலை ஆறு இருபதுக்கு மெயின் ரோட்டில் நிற்கும். இறங்கி, மேற்கேயிருந்து கிழக்கே, சந்து வழியாக ஊருக்கு நடை. சுற்றிப்போனால் இரண்டு கிலோமீட்டர். நான் ஒரு வாரம் பார்த்தேன். சந்தின் நடுவே கழிவுநீர்க் குழாய் ஒன்று குறுக்கே போகிறது, அங்கே எவனும் குனிந்து பார்த்துக் கால் வைப்பான். அந்த இடத்தில் ஒரு நொடி நிற்பான். மானும் அங்கேதான் நிற்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கிழக்கு வாயில் உட்கார்ந்தேன். மேற்கே பார்த்து. காற்று என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

இதை உங்கள் ஆட்கள் யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் என்னை இடம் காட்டக் கூட்டிப்போன அன்று கோபால் கூட்டத்தில் நின்றிருந்தான். நான் உட்கார்ந்த புதரைப் பார்த்தான். ஒரு பீடி பற்ற வைத்தான். புகை சந்துக்குள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இந்தாண்டயா குந்திகினு இருந்த, மாமா?" என்றான்.

பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டுப் போனவன்தான், இன்றுவரை என்னைப் பார்க்க வரவில்லை. வேட்டைக்காரனுக்கு அவ்வளவு போதும். மானுக்காக எவனும் அங்கே உட்கார மாட்டான்.

என் கணக்கு சாதாரணமானது. நான் வேட்டைக்குப் போகிறவன் என்று ஊருக்கே தெரியும். பனிக்காலம். மான் என்று நினைத்தேன், பனி மறைத்துவிட்டது என்பேன். நம்புவார்கள். நான் பனியைத்தான் காரணமாக வைத்திருந்தேன், சார். இவர்கள் கண்ணைக் காரணம் ஆக்கினார்கள்.

முதலில் ஆக்கியவன் சாம்சன். அன்று சாம்சன் அந்த வழியாக வரவில்லை. ஒரகடத்திலேயே இறங்கிவிட்டானாம். இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றால்தான் டோக்கன் கிடைக்குமாம். என் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போயிருக்கிறான். வாங்கியும் விட்டான், மாசி பதினொன்று. அந்தச் சீட்டையும் என் கண் சோதனை ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்து, "அண்ணனுக்குப் பார்வ இல்ல சார், வேணும்னு பண்ணியிருக்க மாட்டாரு" என்று அழுதான். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

அடுத்தது பகலவனின் மனைவி சசிரேகா. இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளுடைய சொந்தக்காரர்கள் என்மேல் பாய வந்தபோது அவள்தான் தடுத்தாள்.

"கண்ணு தெரியாத மனுசன்கிட்ட இன்னான்னு சண்ட போடுறது. உடுங்க."

அதைவிட அவள் செருப்பால் அடித்திருக்கலாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஊர் முழுக்க இதே பேச்சு. பாவம், குருடன். கேஸ் லேசாகிவிடும் என்று வக்கீல் சந்தோஷப்படுகிறார். வெளியே வந்து நான் எந்த முகத்தோடு நடப்பது?

பகலவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பேக்கிங்கில் என் பக்கத்து மேஜை. அவன் சாம்பாரை எனக்கு ஊற்றுவான். அன்று அவனும் அதே பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறான். கிட்டே போய் அவன் முகத்தைப் பார்த்ததும் வில்லைக் கீழே போட்டுவிட்டேன், அது உண்மை. "அண்ணே" என்றான், அவ்வளவுதான். அவனுக்காக நான் வருத்தப்படுகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தண்டனை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள்.

பகலவன் சாம்சனைவிட ஒரு முழம் குட்டை, முகம் நிறையத் தாடி வைத்தவன், அன்று சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தான் என்கிறீர்கள். இருக்கட்டும். பனி, அரைகுறை வெளிச்சம், ஆள் குனிந்திருந்தான். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அப்படித்தான். அதற்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. அம்பு எங்கே இறங்கியிருக்கிறது என்று டாக்டரைக் கேளுங்கள். இடது காறை எலும்புக்குக் கீழே இரண்டு விரல். நான் குறிவைத்த இடம் அதுதான். புரை விழுந்தவன் அப்படி அடிப்பானா?

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள், சார். மான் வரவில்லை. மானுக்காக நான் உட்காரவும் இல்லை. சாம்சனைக் கொல்லத்தான் உட்கார்ந்தேன். என் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. முப்பது தப்படி தூரத்தில், குழாய்க்கு மேலே கால் தூக்கி நின்றது சாம்சன்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.