வெயில் காலத்துக் கள்

கித்துள் மரத்துக் கள் வாங்க வருகிறவன் முட்டிப் பானையைப் பார்க்கக் கூடாது, வானத்தைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்துக் கள் தண்ணீராட்டம் சப்பென்று, அப்பாவியாக இருக்கும். மாசி வெயிலில் அதே மரம், அதே பாளை, உச்சிப் பொழுதுக்கு முன்பே பொங்கிப் புளித்து நாக்கைச் சுடும். கள்ளின் குணத்தைக் காலநிலைதான் தீர்மானிக்கிறது. இதில் என் தவறு எங்கே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா?

என் பெண்சாதி கிருஷ்ணகுமாரிக்கும் இது தெரியும். ஒரு மாசியில் அவள் கை முறிந்தது. அடுத்த கோடையில் இடது காது கேட்காமல் போனது. எங்கள் தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு நாகலிங்கம் அண்ணன் வந்து சத்தம் போட்டபோது, வெயில்தான் காரணம் என்று உண்மையைச் சொன்னேன். மழைக்காலத்தில் அவள் மேல் நான் விரல் வைத்ததில்லை. லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவளும் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டாள். தை கழிந்ததும் அரநாயக்கவில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய்விடுவாள், மழை பிடித்ததும் திரும்புவாள். கெட்டிக்காரி. எனக்கு அவள் மேல் கொள்ளை ஆசை, ஐயா. அவள் இல்லாத வீட்டில் சோறு இறங்காது.

இந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், சித்திரையிலேயே மழை கொட்டியது. அவளும் வந்துவிட்டாள். நான் அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கியிருந்தேன். முட்டியை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

"பச்சத் தண்ணியாட்டம் இருக்குங்க. இனி நீங்க நல்ல மனுசன்தான்."

நானும் சிரித்தேன். அவள் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"இந்த மரத்த வெட்டிப் போட்டுருவோம்ங்க. வருஷம் பூரா நமக்கு மழைக்காலமா இருக்கட்டும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மரம் போய்விட்டால் அப்புறம் நான் எதைக் காரணம் சொல்வது? பாளை சீவும் கத்தி கையில்தான் இருந்தது. முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. அப்போதும் அவள் முட்டியைக் கீழே விடவில்லை. உடைந்தால் நான் கோபிப்பேன் என்று நினைத்திருப்பாள். அவள் கை தளரும்வரை வெட்டினேன்.

வெட்டியது நான்தான், மறைக்கவில்லை. கள் வெறியில் செய்ததாக எழுதியிருக்கிறீர்களாம், அதை அடித்துவிடுங்கள். அன்று நான் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. மழை முந்தாமல் இருந்திருந்தால் அவள் அக்காள் வீட்டிலேயே இருந்திருப்பாள். எல்லாம் இந்த மழை செய்த வேலை.