அவ சும்மா விட்டு வச்ச இடம்

...இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, ஃப்ரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல இவ்வளவு இடத்தை யாராவது சும்மா விட்டு வைப்பாங்களா? ஒரு சாண் அகலம்! வரிசையா பலகை அடிச்சா டப்பா பூரா உள்ள போயிடும். என் வீட்டுக்காரிகிட்ட கேட்டா "அது அப்படியே இருக்கட்டும்"ங்கறா. அதான் அவ ஆபீஸ் போன நேரமாப் பாத்து தச்சு வேலைக்கு உங்களைக் கூப்பிட்டேன்... என்னது? ஃப்ரிட்ஜ் கதவு முழுசாத் திறக்காதா? பாதி திறந்தா போதும்ணே, நாம என்ன உள்ள போயி குடித்தனமா பண்ணப் போறோம்! நீங்க ட்ரில்லைப் போடுங்க.

எனக்கு காலி இடத்தைக் கண்டாலே கை அரிக்கும்ணே. பொறவிக் கோளாறு. என் கல்யாணத்துலயே முன்வரிசையில ரெண்டு நாற்காலி சும்மா கிடக்கேன்னு பின்னாடி நின்னவங்களைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். அது மாமனார் மாமியாருக்கு வச்ச இடமாம்! பாவம், மனுஷன் கடைசி வரைக்கும் நின்னுகிட்டே இருந்தாரு. இன்னிக்கும் என்னைப் பாத்தா முதல்ல ஒரு நாற்காலியத் தேடிப் பிடிச்சுக்கறாரு.

என்ன, லீவு நாள்ல ஆபீஸான்னு பாக்கறீங்களா? அது ஒரு வயித்தெரிச்சல்ணே. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ், ஒரே டீம். கம்ப்யூட்டர்ல எல்லா ப்ரோகிராமுக்கும் அடியில கெர்னல்னு ஒண்ணு ஓடும். வெளிய தெரியாது, ஆனா அது படுத்தா எல்லாம் படுத்துடும். அதுக்கு வேணுங்கற கணக்கு வழக்கெல்லாம் மெமரியில வேரியபிள்னு வச்சிருப்போம். எதுக்குப் பக்கத்துல எதை வைக்கறதுங்கறதுதான் இப்ப எங்க வீட்டு சண்டையே!

எப்படிச் சொல்றது... ஆங், இந்த ட்ரேயைப் பாருங்க. மெஷினுக்குள்ள நிறைய பிராசஸர் இருக்கு. எட்டு பேர் வேலை செய்யற சமையலறைன்னு வச்சுக்கோங்க. உப்பு வேணும்னா உப்பை மட்டும் எடுக்க மாட்டாங்க. உப்பு இருக்கற ட்ரேய அப்படியே தன் பக்கத்துக்குக் கொண்டாந்துடுவாங்க. எட்டு பேர்கிட்டயும் அதே ட்ரே, நகல் நகலா. எல்லாரும் சும்மா பாத்துகிட்டிருக்கற வரைக்கும் வம்பில்ல. ஒருத்தர் அதுல ஒண்ணே ஒண்ணைத் தொட்டு மாத்திட்டாருன்னா போச்சு! மத்த ஏழு பேர் ட்ரேயும் செல்லாது. கீழ போட்டுட்டு மறுபடி போயி எடுத்துட்டு வரணும்.

அதனால என் வீட்டுக்காரி என்ன பண்ணா... மாறாம எல்லாரும் பாக்கற சாமானை மட்டும் ஒரே ட்ரேல அடுக்கினா. சும்மா சும்மா மாத்தறதை எல்லாம் தூரமாத் தள்ளினா. ரெண்டு மாசமா ராப்பகலா அதே வேலை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மெஷின் நொண்டுதேண்ணே! அவ ஓட்டினப்ப பறந்துச்சாம். நான் ஓட்டினா நொண்டுது. யாரை நம்பறது? நான் என்னை நம்பினேன். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் பொண்டாட்டின்னு கூடப் பாக்காம, "இந்த அடுக்கல் தேறாது"ன்னுட்டேன். மேனேஜர் இன்னிக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடுங்கன்னுட்டாரு. யாரோ எடுக்கறதுக்குப் பதிலா நானே எடுத்துடறேன்னு காலைல கிளம்பிப் போயிட்டா. செருப்பு மாட்டறப்ப கண்ணைத் துடைச்சுகிட்டா. எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?

ஆனா நான் வாய்க்கு வந்ததைப் பேசலண்ணே, ஆதாரத்தோட பேசினேன். நான் ஓட்டிப் பாக்கறப்ப, அந்த ட்ரேயைத் தேடி எத்தனை தடவ வர்றாங்கன்னு எண்ணிப் பாக்க ஒரு கவுன்ட்டர் போட்டேன். எந்த பிராசஸர் வந்தாலும் ஒண்ணு கூட்டிட்டுப் போகும். எங்க வைக்கலாம்னு பாத்தா, அவ ட்ரேலயே கடைசில துளியூண்டு இடம் சும்மா கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு அங்கயே... எல்லாரும் வந்து... ஒவ்வொருத்தரும் ஒண்ணு கூட்டி... அந்த ட்ரேலயே...

அண்ணே.

ஐயையோ. அண்ணே! அவ வேணும்னே விட்ட இடம்ணே அது! நானே போயி குந்திகிட்டு, நானே நொண்டுதுன்னு... போன் எங்க? என் போனைப் பாத்தீங்களா? டப்பாக்குப் பின்னாடியா... எடுத்துடாதம்மா, எடுத்துடாத, எடுத்துடாத...

ஹலோ! எடுத்துட்டியா? இன்னும் இல்லியா? அப்பாடா! கையை எடு, எதையும் தொடாத! தப்பு என்னோடது. என் கவுன்ட்டர். ஆமா, உன் ட்ரேலதான்... ஆமா, காலியா இருந்துச்சுன்னுதான்... திட்டு, நல்லாத் திட்டு. மேனேஜருக்கு நானே போன் பண்றேன். எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன். இனிமே நீ விட்ட இடத்துல விரல் வைக்க மாட்டேன், சத்தியமா...

என்னது? சத்தமா? என்ன சத்தம்? ட்ரில்லா...

அண்ணே, நிறுத்துங்கண்ணே!