தக்காளிப் பெட்டிகளுக்கு நேர் கீழே

ஹலோ... ஒக்சில் அக்காவா? நான்தான், எதிர்வீட்டு தொக்சுன். அக்கா, உங்க மக போரம் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப, கையெழுத்துக்குப் பதிலா குத்தற என் பேர் முத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு, "இதைக் குத்திட்டா அப்புறம் இல்லேன்னு சொல்லவே முடியாதா சித்தி?"ன்னு கேட்டாளே, ஞாபகம் இருக்கா?... முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேன். இப்ப கீழ வாசல்ல ஒட்டியிருக்கற காகிதத்துல உங்க முத்திரை இருக்கு. செவப்பா, கோணாம குத்தியிருக்கீங்க...

ஆமா. ஆமா, படிச்சேன். மொட்டை மாடியில இருக்கற செடியெல்லாம் மாசக் கடைசிக்குள்ள எடுத்துடணுமாம். எட்டு வீட்டுல ஏழு வீடு சம்மதம்...

இருங்க, நான் முடிச்சிடறேன். ரெண்டாவது மாடிக்காரருக்குச் செடியைக் கண்டாலே கொசு கடிக்கும், அவரை விடுங்க! மீன் கடையில கெஞ்சி தெர்மாகோல் பெட்டி வாங்கி, நாலு மாடி மண்ணு தூக்கினது யாரு? நீங்களும் நானும். போன ஞாயிறு சர்ச் பூசையில "சமாதானம் உண்டாகட்டும்"னு என்னைப் பாத்துக் குனிஞ்சீங்களே, அப்பவே குத்தியாச்சா?...

ஓ. முந்தின நாளேவா. சரி. சரி சரி.

என்னது, கூரை பழுதா?... அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா? மக வீட்டுக்குன்னு பூசானுக்கு ஓடினதே என் மூஞ்சியைப் பாக்க முடியாமத்தானே?... அழாதீங்க. நீங்க அழுதா நான் எப்படிக் கோவப்படறது?

எங்க?... உங்க வீட்டுக்குள்ளயா? இப்பவா?... கதவுப் பூட்டு நம்பர் தெரியும், போரம் பொறந்தநாள்தானே... இருங்க, செருப்பைக் கழட்டறேன்.

உள் ரூமா?... ஐயோ.

அக்கா, இது கிம்ச்சி ஊறுகா போடற தொட்டியாச்சே. படுக்கை விரிக்கற இடத்துலயா வெச்சிருக்கீங்க?... கூரையிலேருந்து சொட்டுதே, மழையே இல்லையே ரெண்டு நாளா... ஆமா. காலையில நான் தண்ணி ஊத்தினேன். பெட்டியெல்லாம் இதுக்கு நேர் மேலதானே இருக்கு...

எத்தனை நாளா?... ரெண்டு வருஷமா!

அப்ப நீங்க எங்க படுக்கறீங்க?... சமையல்கட்டுலயா.

தக்காளியை வெட்டி சக்கரை தூவிக் குடுத்தேனே அக்கா, "இந்த வருஷம் நல்ல ருசி"ன்னு சிரிச்சுக்கிட்டே தின்னுட்டு, இங்க வந்து தொட்டியைக் காலி பண்ணீங்களா?... என் சந்தோஷம் கெடக் கூடாதுன்னா? நான் யாரு, விருந்தாளியா? முத்திரை குத்தினதைக் கூட மறந்துடுவேன். ரெண்டு வருஷம் எங்கிட்ட சொல்லாம இருந்தீங்களே, அதை எப்படி...

ஹலோ? அக்கா?... ஹலோ...

இணைப்பு அறுந்திருந்தது. தொக்சுன் மறுபடி அழைக்கவில்லை. தொட்டி நீரைக் கொட்டி, தரையைத் துடைத்துவிட்டு மாடியேறினாள். பதினொரு பெட்டிகளும் வெயில் நன்றாக விழும் தெற்கு ஓரத்தில் இருந்தன. காய்கள் இன்னும் பச்சை. மாதக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒவ்வொன்றாக இழுத்து, நிழல் விழும் வடக்கு ஓரத்துக்கு, தன் படுக்கையறைக்கு நேர் மேலே கொண்டுவந்தாள். ஈர மண் கனத்தது. அங்கேயும் தரையில் விரிசல்கள் இருந்தன.

பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.