இருபத்தோரு மில்லிமீட்டரில் அப்பா

— என்னது, லைட்டையா? நாலு ஃபிளாஷ் லைட்டையுமா விக்கப் போற?

— கத்தாதக்கா. நாளைக்குக் காலையில ஆள் வந்து பார்ப்பான். ஸ்டுடியோ உனக்குப் பாதி, எனக்குப் பாதி. நீ சரின்னா முடிஞ்சது.

— அந்த லைட்ட வச்சுதான்டா பாஸ்போர்ட் படம், ஸ்கூல் குரூப் போட்டோன்னு கடை ஓடுது. வித்துட்டு? மெழுகுவத்தி ஏத்தி வச்சு எடுக்கவா?

— ஒரு லென்ஸ் வருதுக்கா. அறுபது வருஷப் பழசு. என்கிட்ட இருக்கற இருபத்தோரு மில்லிமீட்டர் லென்ஸ விட இன்னும் அகலமா பிடிக்கும். இப்ப விட்டா ஜென்மத்துக்கும் கிடைக்காது.

— இருக்கற கிழம் ஒண்ணு போதாதுன்னு அதுக்கு ஜோடி தேடறியா, ராசா?

— கிழமா? அந்தக் கண்ணாடிய உள்ள பார்த்திருக்கியா நீ?

— டார்ச் அடிச்சே பார்த்தேன். ஓரத்துல பூஞ்சை, நடுவுல மூட்டம்.

— அது மூட்டம் இல்ல, குளோ. வெளிச்சம் அப்படியே கசிஞ்சு வரும்.

— கசியறதுக்கு நம்ம குளியலறைக் குழாய் இருக்கே, அதுக்கும் இந்த விலைய கேட்டுப் பாரேன். மூலையெல்லாம் வேற இருட்டு.

— அதுக்குப் பேர் கேரக்டர். உனக்குப் புரியாது.

— ஆமாமா. மேல ஒரு கண்ணாடி டப்பா சொருகி வச்சிருக்கியே, அதுவும் கேரக்டரா?

— அது வியூஃபைண்டர், தனி விலை. இது ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கா. லென்ஸ் அது பாட்டுக்குப் பார்க்கும், நாம மேல இருக்கற ஜன்னல் வழியா பார்ப்போம்.

— லென்ஸ் என்ன பார்க்குதுன்னு எடுக்கறவனுக்கே தெரியாது. இதுல சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்!

— உனக்கெல்லாம் ஃபோன்தான் லாயக்கு. விரல வச்சா விழுந்துடும், அது பேர் படமா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

— அந்தக் கழுதைதான் ஆறு வருஷமா கடை வாடகையச் சுமக்குது.

— சரி, திரும்பி செவுத்தப் பாரு, இதே லென்ஸ்ல நான் எடுத்த படம். அப்பா. அந்த ஆஸ்பத்திரி ரூம்ல கட்டில் போட்டா கதவு பாதிதான் திறக்கும். அதுக்குள்ள கட்டில், ஜன்னல், சலைன் ஸ்டாண்ட், அப்பா, எல்லாம் வந்திருக்கு. அந்த மூலை இருட்டு எந்த ஃபோன்ல வரும்? சொல்லு.

— நல்ல படம்தான். யார் இல்லன்னா?

— அந்த மனுஷன் சிரிச்சு நீ பார்த்திருக்கியா? கல்யாணப் போட்டோவுலயே முறைச்சவர்க்கா. போறதுக்கு நாலு நாள் முன்னாடி வாய் கொள்ளாம சிரிக்கறார். பெரிய கேமராவ நீட்டியிருந்தா மூஞ்சியத் திருப்பியிருப்பார். இது சின்னது, சத்தமில்லாதது. அதான் மறந்து சிரிச்சுட்டார். அந்தச் சிரிப்புக்கு நீ ஒரு விலை போடு, பார்ப்போம்.

— அதுக்கு விலை இல்லடா.

— அப்ப வாய மூடிக்கிட்டு நெகட்டிவ எடு. நாளைக்கு லென்ஸ்காரன்கிட்ட காட்டணும். ஒரு வருஷமா கேக்கறேன், பீரோ சாவியக் காணோம்னு ஒரே சாக்கு.

— வேண்டாண்டா. லைட்ட விக்கலன்னு சொல்லு, இந்தப் பேச்ச இதோட விட்டுடலாம்.

— வித்தே தீருவேன்.

— எத்தனையோ தடவை கேட்டுட்ட. இந்தா. கவர்ல தேதி எழுதினது நீதான், பார்த்துக்க.

— இது என்ன... ஒண்ணுமே இல்ல. முப்பத்தாறு படமும் வெறுமையா இருக்கு. கழுவறப்ப கெடுத்துட்டியா?

— ஓரத்துல நம்பர் பளிச்சுன்னு விழுந்திருக்கு பாரு. கழுவினது சரிதான். உள்ள வெளிச்சமே போகல.

— அப்ப செவுத்துல இருக்கறது?

— என் ஃபோன்ல எடுத்தது. உன் பக்கத்துல நின்னு. காரியம் முடிஞ்ச மறுநாள் அழுதுக்கிட்டே இந்த ரோல என் கையில கொடுத்த. வெறும் ஃபிலிம உன்கிட்ட நீட்ட எனக்கு மனசு வரல. கறுப்பு வெள்ளையாக்கி, கொஞ்சம் மூட்டம் போட்டு, மூலைய நான்தான் இருட்டாக்கினேன்.

— பொய் சொல்ற. அப்பா என்னைப் பார்த்துதான் சிரிக்கறார். அவர் கண்ணு என் லென்ஸ் மேலதான் இருக்கு.

— லென்ஸ் மேலதான் இருக்கு. அதை யார் இல்லன்னா? இதோ, வெட்டாத படம், ஃபோன்லயே இருக்கு. ஓரத்துல யாரு? நீ. கண்ணுல கேமரா, லென்ஸ் மேல கழட்டாத மூடி. நான் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம்னு கண்ணாலயே தடுத்துட்டு, நீ ரோல் முடிக்கற வரைக்கும் அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே இருந்தார்டா.