நீல அங்கியின் மடிப்பைப் பிரித்தது தொடர்பாக

என் பெயரும் முகவரியும் முன் தாளில் பதிவாகியுள்ளன. வயது ஐம்பத்தொன்று. அருங்காட்சியகத்தின் பழைய உடைப் பிரிவில் துணிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வீட்டில் நான், என் கணவர், அவருடைய தங்கை என மூன்று பேர். மேற்படி நாத்தனார் கடைத்தெருவில் ஒரு நூல் கடையில் வேலை செய்கிறாள். தையல்காரர்கள் கொண்டுவரும் துண்டுத் துணிக்கு நிறம் பார்த்து நூல் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்தக் கூர்மையான கண்ணுக்காகக் கடைக்கு வருகிறவர்கள் அவளைக் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவள் இல்லாவிட்டால் எனக்குப் பொழுதும் போகாது.

சில மாதங்களாகக் கழுகு தப்பு நூல் கொடுக்கிறாள் என்று பேச்சு வந்தது. நீலத்துணிக்குப் பச்சை நூல் போயிற்று. அதன் பிறகு நான் அவளைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பதுபோல் எல்லாம் தெரியும், தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று அவர் சொன்னார். "என் கண்ணுல யாரும் கத்தி வைக்க வேணாம். நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மேற்படி நாத்தனார் எழுந்து வந்துவிட்டாள். அவள் அண்ணன் கெஞ்சியும் மசியவில்லை. கடை முதலாளி மாதக் கடைசி வரை பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் குருடாகிவிடுவாள் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு பழைய உடைக் கண்காட்சி திறந்தது, நான் அவளை அழைத்துப் போனேன். அந்த அறையில் வெளிச்சம் மிகக் குறைவு. பழைய பட்டின் நிறத்தை வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்பதால் அப்படி வைத்திருக்கிறோம். உள்ளே வருகிறவர்கள் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இருநூறு முந்நூறு வருடத்து அங்கிகள் தலையில்லாமல், இடுப்பு ஒடுங்கி, தரையில் பாதம் படாமல் நிற்கும். அந்த அரையிருட்டில் நெடுநேரம் இருந்தால் நான் விழித்திருக்கிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். மேற்படி நாத்தனாருக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. எல்லோரும் பார்க்க வரும் நீல அங்கியின் முன்னால் நின்று, "இதை நீலம்னு எழுதினவன் எவன்? இது பச்சை" என்று கூவினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சண்டை மூண்டது. "மேல வெளுத்துப்போனதப் பாத்து நீங்க எல்லாரும் ஏமாறுறீங்க அண்ணி. உள்ளே பச்சைதான்" என்று அவள் பிடித்த பிடியில் நின்றாள். உள்ளே நீலமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வருவாயா என்று கேட்டேன். வருவதாகச் சொன்னாள். பச்சையாக இருந்தால் இனி நான் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றாள். என் வாயை நம்பமாட்டாளாம், வேறு ஆள் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நான் ஒத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த வார விடுமுறையன்று காலையில் அவளை வேலை அறைக்கு அழைத்துச் சென்றேன். நிறம் பார்த்துச் சொல்லக் காவலாளியை நான்தான் கூப்பிட்டேன், அவர் மீது குற்றமில்லை. மேற்படி அங்கியைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னலோரம் மேசையில் கிடத்தினேன். தூங்குகிறவளைத் தூக்கி வந்து படுக்கவைத்ததுபோல் இருந்தது. அதற்கு உள்துணி கொடுத்துத் தைத்திருப்பதால் பட்டின் உட்பக்கத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. பழைய தையலைப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஊசிமுனையால் இடுப்பு மடிப்பின் தையலை இரண்டு விரல் அகலத்துக்குப் பிரித்தேன். என்றோ செத்துப்போன ஒருத்தியின் கை போட்ட தையல், ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது.

உள்ளே பச்சையாக இருந்தது. அப்போதுதான் முளைத்த புல்லின் பச்சை. அக்காலத்தில் பச்சைப் பட்டுக்கு நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயம் ஏற்றுவார்கள், மஞ்சள் முதலில் ஓடிவிடும். அது எனக்குத் தெரியாததல்ல. நீலம் நீலம் என்றே சொல்லிப் பழகியதால் எனக்குத் தோன்றவில்லை. வெளிச்சம் அங்கியிலிருந்து எடுத்துப்போன மஞ்சளைப் புரை அவள் கண்ணுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தது. பந்தயத்தில் தோற்றேன். அந்த நிறத்தின் அழகுக்கும் சேர்த்து அழுதேன்.

காவலாளி குனிந்து பார்த்து, "அம்மா சொன்னது சரிதான். மேல நீலம், உள்ளே பச்சை. நடுவுல கோடு போட்டாப்ல பிரியுது பாருங்க" என்றார்.

"சொன்னேன்ல!" என்று நாத்தனார் கை தட்டினாள். பிறகு, "கோடா? எந்தக் கோடு?" என்று கேட்டாள்.

"இதோம்மா, இங்க" என்று காவலாளி விரலை நீட்டிக் காட்டினார். அவள் முகத்தைப் பட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைக் கசக்கிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். "ரெண்டும் ஒரே பச்சைதானே அண்ணி?" என்று கேட்டாள். நான் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். அவளோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் நான் அவளோடு சண்டைக்கு நிற்காதது அப்போதுதான். அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, "டாக்டர் என்னைக்கு வரச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

பிரித்ததை உடனே தைத்திருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்குமே, ஏன் தைக்கவில்லை என்று விசாரணை அதிகாரியாகிய நீங்கள் கேட்டீர்கள். தைத்திருக்கலாம். பழைய ஓட்டைகளிலேயே நூலை விட்டு அன்றே முடித்திருப்பேன், எங்கள் பிரிவின் தலைவரான காப்பாட்சியர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஊசியில் நூல்கூடக் கோத்துவிட்டேன். மேற்படி நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தைக்காதீங்க அண்ணி. கட்டு அவுத்ததும் வரேன். அந்தக் கோட்டை நான் பாக்கணும்."

ஆகவே மெல்லிய தாளைப் போர்த்தி அப்படியே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காப்பாட்சியர் பார்த்து உங்களிடம் புகார் கொடுத்தார். அவர் செய்தது சரி. என் வேலை போகும் என்று தெரியும், அது எனக்கு வருத்தம்தான். அங்கி இப்போது உங்கள் பொறுப்பில் இருக்கிறது. வெயில் படாமல் வைக்கவும். என் நாத்தனாருக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, நாளை கட்டு அவிழ்க்கிறார்கள். அவள் வந்து பார்க்கும்வரை அந்தத் தையலை யாரும் மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை, எதையும் நான் மறைக்கவுமில்லை.

(ஒப்பம்)