வாய்க்காலை மறித்த வைக்கோல்

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இருந்து பிராண்டேக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் எங்கட தமிழ் ஆக்கள் இரண்டு பேர். இளையவர் திடீரென்று சொன்னார்:

"அண்ணை, வெள்ளிக்கிழமை நான் வேலை செய்யிற பண்ணைக்குப் பக்கத்து ஆத்து மீனெல்லாத்தையும் கொல்லப் பாத்தன்."

மற்றவர் திரும்பினார். "என்ன கதைக்கிறாய்?"

"பண்ணையில பன்றிக் கழிவுத் தொட்டியின்ர வால்வைப் பூட்ட மறந்திட்டன். விடிய வந்து பாத்தால் கழிவெல்லாம் வாய்க்காலுக்குள்ள ஓடுது. அது நேரே ஆத்துக்குத்தான் போகும்."

"முதலாளி என்ன சொன்னார்?"

"வால்வைப் பூட்டிப்போட்டு, ஒருத்தருக்கும் சொல்லாதே எண்டார். கொம்யூனுக்கு, அதுதான் நகரசபைக்கு, தெரிஞ்சால் அவருக்குத் தண்டம். எனக்கும் இன்னும் நிரந்தர விசா கிடைக்கேல்லை."

"வாயை மூடிக்கொண்டு இருந்தனிதானே?"

"இல்லை. ஆத்தங்கரையை உழாமல் புல்லு விடச் சொல்லித்தர கொம்யூனில இருந்து ஒரு மனுசி வாறவ. அவவுக்கு ஃபோன் எடுத்திட்டன்."

"ஐயோ! பிறகு?"

"உடன வந்தா. ஏசேல்லை. வைக்கோல் கட்டு எங்கை எண்டுதான் கேட்டா. நானும் அவவும் வாய்க்காலை மறிக்கத் தொடங்கினம். கொஞ்சத்தால முதலாளியும் வந்து கட்டுகளைத் தூக்கினார். கொஞ்ச மீன் செத்துது, மிச்சம் தப்பிட்டுது."

"உன்ர வேலை?"

"தெரியாது அண்ணை. அண்டைக்கு முழுக்க அந்தாள் என்னோட கதைக்கேல்லை. இப்ப அங்கதான் போறன்."

அடுத்த நிறுத்தத்தில், சேறு படிந்த பூட்ஸோடு ஒரு டேனிஷ்காரர் நின்றிருந்தார். "முதலாளி நிக்கிறார்," என்றபடி இளையவர் தயங்கித் தயங்கி இறங்கினார். அந்த மனிதர் அவர் முகத்தைப் பார்க்காமலே கைகுலுக்கக் கையை நீட்டினார்.