எடுக்கும் வரை

கம்மங்கூழைக் கரண்டியால் ஊட்டாதீர்கள். தம்ளரில் ஊற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எல்லாம் மறந்துபோனாலும் தம்ளரைப் பிடித்த கை தானாக வாய்க்குக் கொண்டுபோகும். என் மனைவி அழகுத்தாயைப் பார்த்துக்கொண்ட வருடங்களில் நான் கண்டுபிடித்த வழிகளில் இது ஒன்று.

ஞாபகம் போனவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களின் இந்தக் கூட்டத்துக்கு நர்ஸ் முத்துசெல்வி என்னைக் கூப்பிட்டபோது, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க ஐயா, இங்கன வாரவங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்றார். கோவில்பட்டியில் இப்படி மனைவியைப் பார்த்துக்கொண்ட ஆம்பிளை கிடையாது என்று எங்கள் தெருவே சொல்லும். நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது எனக்குப் பழக்கமில்லை. முழுவதும் சொல்கிறேன்.

என் பெயர் கருத்தையா. விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தேன். அவளுக்கு நோய் வந்ததும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று கடையை மூடிவிட்டு இங்கே வந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த நோயில் புதிய ஞாபகங்கள் முதலில் போகும், பழையவை கடைசியில் போகும் என்று டாக்டர் சொன்னார். கேஸ் அடுப்பு போயிற்று. வீட்டுக்கு வரும் வழி போயிற்று. பிறகு கல்யாணமே போயிற்று, அதோடு நானும் போனேன். பிறந்த ஊரான எப்போதும்வென்றானில் பாவாடை கட்டிக்கொண்டு ஆட்டுக்குட்டியைத் தூக்கித் திரிந்த வயதில் போய் நின்றுகொண்டாள். அந்த வயதில் அவளுக்கு இருந்தது ஒரே ஆள், அவள் அண்ணன் மாயகிருஷ்ணன். தாயில்லாத பிள்ளையை அவர்தான் தூக்கி வளர்த்தார்.

என்னை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தாள், கடைக்காரரைக் கூப்பிடுவது போல. குளிப்பாட்டப் போனால் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அண்ணாச்சி, வெளிய போங்க. எங்கண்ணன் வந்தா வெட்டிப்புடுவான்" என்பாள். நான் வெளியே போய் நிற்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உள்ளே போவேன்.

மச்சான் வாரம் ஒருமுறை பஸ் ஏறி வருவார். கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போடுகிறவர். வந்தால் வீடு முழுக்க ஆட்டு வாடை. அவர் குரல் கேட்டதும் அவள் முகம் மாறுமே, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. "அண்ணே, ஆட்டை அடைச்சிட்டியா?" என்று எழுந்து ஓடுவாள். என் கையால் இரண்டு வாய்க்கு மேல் வாங்காதவள், அவர் உருட்டிக் கொடுத்தால் தட்டைக் காலி செய்வாள். பீ மூத்திரம் அள்ளுகிறவன் நான். தலை வாரி, பேன் பார்த்து, நகம் வெட்டுகிறவன் நான். அவர் நாலு உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போனால், பக்கத்து வீட்டு வெயிலம்மாள், "கூடப்பொறந்த பாசம்னா இதுல்லா" என்பாள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றால் பொறாமைதான். எழுபதைத் தாண்டிய கிழவனுக்கு இன்னொரு கிழவன்மேல் பொறாமை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை கிடையைக் குளத்தூர்ப் பக்கம் ஓட்டிப்போய்விட்டதால் அவரால் வர முடியவில்லை. அழகுத்தாய் விடிந்ததிலிருந்து வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, எங்கண்ணன் எங்க, எங்கண்ணன் எங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. "ஒங்கண்ணன் செத்துட்டான்" என்றேன். சொன்னதுமே மறந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் மறக்கவில்லை. கிரில்லை விட்டாள். முடியை அவிழ்த்துப் போட்டாள். தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அழுது ஓய்ந்ததும் என் பக்கம் நகர்ந்து வந்து, என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தோளில் சாய்ந்தாள். அவளாக என்னைத் தொட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. எனக்கும் கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் வந்த கண்ணீர் என்றுதான் சொல்லவேண்டும்.

மத்தியானம் சோறு கொண்டுவந்தேன். தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எடுக்காம எப்படி அண்ணாச்சி சோறு திங்க? எங்கண்ணனை எப்ப எடுக்காக?"

சாவு வீட்டில் உடலை எடுத்துக்கொண்டு போகும் வரை அடுப்பு எரியாது, ரத்த உறவு வாயில் சோறு வைக்காது. உங்களுக்குத் தெரியாததில்லை. என் முகத்தை மறந்தவளுக்கு இது மறக்கவில்லை. அன்றைக்கு, "எடுத்தாச்சு அழகு. குளிச்சிட்டு வந்து சாப்பிடு" என்றேன். தலைக்கு ஊற்றினேன். சாப்பிட்டாள், தூங்கினாள். எழுந்ததும், "அண்ணாச்சி, எங்கண்ணன் வந்தானா?" என்றாள். அழுகையும் போயிருந்தது, சாய்ந்துகொள்ள என் தோளும் தேவைப்படவில்லை.

எடுத்தாச்சு என்றால் சாப்பிடுவாள், என்னை விட்டுப் போய்விடுவாள். இன்னும் எடுக்கவில்லை என்றால் என்னோடு இருப்பாள். விஷயம் அவ்வளவுதான்.

மறுபடியும் சொன்னேன். ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பம்பாயிலிருந்து ஆள் வரவேண்டும் என்றேன். நம் பக்கத்தில் எந்தச் சாவுக்கும் யாராவது ஒருத்தர் வரவேண்டியிருக்கும், அதனால் அவள் சந்தேகப்படவில்லை. கண்ணயர்ந்து எழுந்தால் மறந்திருப்பாள். திரும்பவும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புதுச் சாவு. வெறும் வயிறாகப் போட்டேன் என்று நினைக்காதீர்கள். சாவு விழுந்த துட்டி வீட்டில் கடுங்காப்பி குடிக்கலாம். சீனியைத் தூக்கலாகப் போட்டு அதைக் கொடுத்தேன். சில நாள் சாயங்காலம் எடுத்தாச்சு என்று சொல்லிச் சோறும் கொடுத்தேன். போகப்போக அந்தச் சாயங்காலங்கள் குறைந்தன. தோளில் தலை கிடக்கும்போது எழுந்துபோய்ச் சோறு பிசைய மனம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

பின்வரிசையில் எழுந்த அம்மா, உட்காருங்கள். கொஞ்சம்தான் இருக்கிறது.

மச்சானிடம் போனில், "உங்களைப் பாத்தா அன்னைக்கு முழுக்கத் தவிச்சுப்போறா. டாக்டர் வரவேண்டாங்காரு" என்று சொல்லியிருந்தேன். நம்பினார். ஆனாலும் மனம் கேட்காமல் ஒருநாள் தூக்குவாளியில் ஆட்டுப்பாலோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே அவள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஏன் மாப்ள, செத்தவனுக்கு வைக்கிற ஒப்பாரியில்லா வைக்கா? நான் உசிரோடதான இருக்கேன்?"

"நோயி மச்சான். இருக்கவன் போனவன் வித்தியாசம் அவளுக்குத் தெரியல."

"ஒரு தடவை மொகத்தைக் காட்டிட்டுப் போறேன். ரெண்டு வாய் ஊட்டிட்டுப் போயிருதேன் மாப்ள."

"காட்டினா இன்னும் கூடும் மச்சான்."

தூக்குவாளியை என் கையில் கொடுத்தார். "நீங்க பாத்துக்கிடுதீங்கள்லா, அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்தப் பாலை அவளுக்குக் கொடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் பால் குடிப்பார்கள். காய்ச்சி நானே குடித்தேன்.

அவள் எலும்பும் தோலுமாகிப் போனாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இந்த நோய் முத்தினா சாப்பாடு இறங்காது. நீங்க ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்றார். நான் தலையாட்டினேன். ஒரு வார்த்தை சொன்னால் இறங்கும் என்று எனக்குத் தெரியும். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தெரிந்தே, அதைச் சொல்லாமல் இருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்த ஒரு மத்தியானம் என் மேல் சாய்ந்தபடியே போனாள். மச்சான் வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார். எடுக்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. தோற்றுப்போனவர்மேல் என்ன கோபம்.

கடைசியாக அவள் பேசியதை அவரிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். தலையை நிமிர்த்தி என்னை நன்றாகப் பார்த்தாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

"அண்ணாச்சி, நீங்க யாரோ எவரோ. எங்க வீட்டுத் துட்டிக்கு வந்து இம்புட்டு நேரம் எங்கூடயே இருக்கீகளே. ஒங்க வீட்டுல தேட மாட்டாகளா?"

கவனித்தீர்களா. உயிர் போகிற நேரத்தில் அவள் நினைத்தது என்னைத்தான், அண்ணனை இல்லை.